அறுபத்தொன்று புள்ளி மூன்று

லாபிஸுக்கு வெளியே செம்பனை ஆலை.
ஆலைக்குப் பின்னால் பதினான்கு வீடுகள்.
கடைசி வீட்டு வேலிக்குள்
முக்காலி நட்டு ஒலிமானியை ஏற்றினேன்.
அதன் தலைக்குப் பஞ்சுத் தொப்பி,
காற்று விடும் மூச்சையும்
சத்தமென்று எழுதிவிடாதிருக்க.

ஒரு பகல், ஓர் இரவு. நொடிக்கு ஓர் எண்.

"நாய் குரைச்சா?" என்றார் தவமலர்.
அதுவும் சேரும்.
"இவரு கொறட்டை?"
சுவரைத் தாண்டி வந்தால் சேரும்.

அறுபதோடு அறுபது சேர்ந்தால்
அறுபத்து மூன்றுதான் என்றேன்.
"பால் நிறுத்த கிராணி மாதிரியே
கணக்குச் சொல்றீங்க."

ஒன்றரை மணிக்கொரு தரம்
குலைகள் வேகும் கலம் ஆவியைத் திறந்துவிடும்.
பத்து நொடி.
மைனாக்கள் கம்பியைவிட்டுப் போகும்.
வீடுகளில் பேச்சு பாதியில் நிற்கும்,
முடிந்ததும்
நின்ற எழுத்திலிருந்தே தொடரும்,
காற்புள்ளிக்குப் பழகியவர்கள்போல.

மௌனத்துக்கு எடை குறைவு.
ஒரு மணி நேரத்து மௌனத்தை
அந்தப் பத்து நொடி விழுங்கிவிடும்.
விழுங்கியும்,
மறுநாள் காலை கருவி காட்டியது
அறுபத்தொன்று புள்ளி மூன்று.
வரம்புக்குள்.

இரவு வேலை முடித்த குணசீலன்
காதோடு துண்டைச் சுற்றிப் படுத்திருந்தார்.

தவமலர் எண்ணையே பார்த்தார்.
"போன டிசம்பர்ல இங்க கழுத்து மட்டும் தண்ணி.
வருசத்துக்கு வகுத்தா
கணுக்கால்கூட நனையாதுல்ல?"

நான் வயரைச் சுருட்டினேன்.

"இந்த அறுபத்தொண்ணு
எப்பக் கேட்டுச்சு, காட்டுங்க."

எப்போதும் கேட்கவில்லை, அது
எல்லாவற்றையும் நிரவிய அளவு
என்று சொல்ல வந்து
சொல்லாமல் தேடினேன்.
கையுறைத் தொழிற்சாலை பஸ் எழுபத்தாறு.
சூராவ் அழைப்பு ஐம்பத்திரண்டு.
தூரத்து லோரி, தவளை, தவளை, தவளை.
மூன்று பதினேழுக்கு
ஒரே ஒரு நொடி, அச்சாக அதே எண்.
ஒலிப்பதிவை ஓட்டினேன்:
'டக்'.

"அது நான்தான்," என்றார்.
"ஆவி விடுறதுக்கு முன்னாடி
முழிப்பு வந்துரும். சன்னலச் சாத்துவேன்."

எனக்கு மைலோ கலக்கிக்கொண்டே கேட்டார்:
"அப்ப ரிப்போர்ட்ல என்னான்னு எழுது

கரண்டி நின்றது.
மைனாக்கள் கிளம்பின.
என் உதடும்
பாதி திறந்து நிற்பதை உணர்ந்தேன்.
எட்டு. ஒன்பது. பத்து.

வீங்க?"