வாளியில் எறிந்தது

உருகுவாயில், பைசாந்தூ நகரில்
முப்பத்தோரு வருடக் கறிக்கடை.
மாட்டுக் குடலை உருவும்போது
அதைத் தாங்கிநிற்கும் கொழுப்புச் சவ்வை
ஒரே இழுப்பில் கழித்து
வாளியில் எறிவார் எலெயுத்தேரியோ.
அதற்கொரு பெயர் உண்டா என்று
கேட்டதில்லை.

இப்போது ஸ்கேன் படத்தில் அதே சவ்வு,
அவருடையது.
"இங்கே, மூட்டம் போட்டாற்போல" என்கிறார் டாக்டர் இரிபார்னே.
"புற்று இல்லை. கொழுப்பு அழன்று, தழும்பாகி
குடலைச் சுருக்கிப் பிடிக்கிறது.
நானே புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்."

"அறுத்து எடுத்துவிடுங்களேன்."

"குடலுக்கான ரத்தம் முழுக்க அதன் வழியேதான்."

கத்தி பிடித்த கை
மடியில் சும்மா கிடந்தது.

ஸ்டீராய்டில் முகம் உப்பியது.
பிறகு தமோக்சிஃபென்.
அட்டையைப் பார்த்ததும் எர்மெலிந்தா சிரித்துவிட்டாள்:
மார்பை எடுத்தபின் ஐந்து வருடம்
அவள் விழுங்கிய அதே மாத்திரை.
"ராத்திரி வெக்கை ஏறும்.
ஜன்னல் பக்கம் இனி நீ படு."

ஆகஸ்டில் கடை திறந்தார்.
முதல் குடல். சவ்வை
விசிறியாய் விரித்து டியூப்லைட்டில் பிடித்தார்;
சிவப்பு நூல்கள், எண்ணி மாளாதவை.
"அரைக் கிலோ, சீக்கிரம்" என்றாள் வந்தவள்.
வாளியில் எறிந்தார்,
கொஞ்சம் மெதுவாக.