நேற்றைய விலை

பாயின்னாங் சந்தையில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
ஜெனரேட்டர் உறுமலுக்கு மேலே
உ தான் லின் கத்துகிறார்:
"செயலியா, வலையா? ஒன்றைச் சொல்லும்மா."
கல்லாவுக்குப் பின்னால் அவர் பெயர் அடைக்கலம்.

"செயலி என்றால் போனுக்குள் குடியேறிவிடும்" என்றேன்.
"அறுபது எம்பி இடம் கேட்கும்.
கேமராவுக்குச் சாவி, தொடர்பு எண்களுக்குச் சாவி.
நெட் அறுந்தாலும் உள்ளேயே இருக்கும்.
வலை அப்படியில்லை.
முகவரி தட்டினால் வரும்; மூடினால் போய்விடும்.
தட்டுமுட்டுச் சாமான் கிடையாது."

மூட்டையில் குத்தூசி செருகி
நாலு உளுந்தை உள்ளங்கையில் உருட்டினார்.
"பக்கோக்கூக்காரன் போனைப் பார்த்திருக்கியா?
விரிசல் கண்ணாடி. மகள் கல்யாணப் படமே நிறைந்து வழியுது.
எதை அழித்துவிட்டு என் விலையை வைப்பான்?"

லாரி ஓட்டும் சூசைராஜ் குறுக்கே வந்தான்:
"சாவடியில போனைப் புரட்டுறாங்கண்ணே.
தெரியாத படம் ஒன்னு இருந்தா
அது என்ன, எதுக்குன்னு அரை மணி நேரம்.
இல்லாத வீட்டுக் கதவை யாரு தட்டுவா?"

"இங்கிலீஷில் அந்தச் செயலிக்கு
வேறென்னமோ பேர் சொன்னாயே?"
"நேட்டிவ்."
"அப்படின்னா?"
"மண்ணின் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்."

சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.
சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து
விலைப்பட்டியல் மேல் வைத்தார். நீலம்.
எண்ணுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள்,
வட்ட வட்ட எழுத்தில்: விருந்தாளி.
"நாலு தலைமுறை. ஐந்தாவது பள்ளிக்கூடத்தில் இருக்கு.
நீ வலையையே போடு.
எனக்குப் பழக்கம்தான்."

என் அட்டையின் நிறத்தை அவர் கேட்கவில்லை.

அன்றிரவு வலையின் ஓரத்தில்
சின்னதாக ஓர் அலமாரி கட்டினேன்.
இரண்டு எம்பிகூட இல்லை.
கடைசியாக வந்த விலை
யாரையும் கேட்காமல் அதில் படுத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை நெட் மொத்தமாக அறுந்தது.
சூசைராஜ் திரும்பி வந்து சொன்னான்:
பக்கோக்கூ களத்தில் ஒருவர் தட்டினாராம், திறந்ததாம்.
மட்பே. முதல் தரம். நேற்று மாலை ஆறு மணி.
கீழே சிவப்பில் நான் எழுதி வைத்த வரி:
"இது பழைய விலை. ஆனாலும் இங்கேதான் இருக்கிறேன்."

இரண்டாவது வாக்கியத்தை
யார் எழுதச் சொன்னது என்று
அடைக்கலம் போன் பண்ணிக் கேட்டார்.
எடுக்கச் சொல்லவில்லை.