செவ்வாயில் பூட்டு

வியன்னாவில் எந்த அருங்காட்சியகம்
எந்தக் கிழமை பூட்டு என்று
என்னைக் கேளுங்கள்.
கரடிப்போக்குச் சந்தியில்
இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
ஏழு கொம்பியூட்டரும் ஒரு மின்விசிறியும் உள்ள அறைக்குள்
இருந்தபடி சொல்வேன்.
இயற்கை வரலாற்றுக்குச் செவ்வாய்.
எதிரே அதே முகத்தோடு நிற்கும் ஓவியக் கட்டடத்துக்குத்
திங்கள்; கோடையில் அதுவுமில்லை.

பெரிய தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு
முந்நூற்று நாற்பத்து மூன்று படி.
முழங்கால் நோவுக்காரரை வடக்குக்கு அனுப்புவேன்,
அங்கே லிப்ற் இருக்கிறது.
நான் ஏறிய அதியுயரம்
பரந்தனில் மாமா வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.

சாட்டில் என் பெயர் லீனா.
லிங்கேஸ்வரி பெட்டிக்குள் அடங்காது என்றான் நிரூபன்.
மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம்,
குழந்தை வண்டியை எங்கே விடலாம்,
ஒரே நாளில் ஆறு இடம் முடியுமா?
முடியாது. மூன்று போதும்.
நடுவில் எங்காவது சும்மா இருங்கள் என்பேன்.

ஒரு கோபுரத்தைப் பற்றி மட்டும்
கேளாமலே சொல்வேன்.
விமானங்களைச் சுட எழுப்பியது.
போர் முடிந்தபிறகு
இடிக்க ஏலாத தடிப்பில் சுவர்.
கனகாலம் அப்படியே கிடந்ததில்
மீன்களைக் குடியேற்றிவிட்டார்கள்.
பீரங்கி இருந்த கட்டடத்தில் சுறா நீந்துகிறது.
இதைத் தட்டும்போதெல்லாம் விரல்
ஒரு கணம் நிற்கும்.
ஏனென்று நிரூபன் கேட்டதில்லை.
அவனும் விசுவமடு.

போன மார்கழி. இங்கே இரவு பத்தரை,
அங்கே கதவு சாத்தும் ஆறு மணி.
ஒருத்தி எழுதினாள்:
மகனுடைய கையுறை. இடக்கை. சிவப்புக் கம்பளி.
டைனோசர் எலும்புக்கும் மாடிப்படிக்கும் நடுவில் எங்கோ.
படிவத்தைத் திறந்தேன்.

பொருள். நிறம். அளவு.
இறுதியாகக் கண்ட இடம்.
இறுதியாகக் கண்ட நேரம்.
அப்போது யாருடைய பொறுப்பில் இருந்தது.
படம் இருந்தால் இணைக்கவும்.

இந்தப் படிவம் எனக்குப் பாடம்.
மூன்று மொழியில், மூன்று பிரதியில்,
ஆணைக்குழு மாற மாற.
அண்ணாவின் உயரம் ஐந்தடி ஏழு என்பா அம்மா.
முதல்முறை நான் ஆறு என்று எழுதிவிட்டேன்.
அந்த ஓர் அங்குலத்துக்கு
இன்னும் ஏச்சு வாங்குகிறேன்.
நிறம் என்ற இடத்தில்
'எங்கட நிறம் எண்டு போடு' என்றா.
போட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.
கையுறை கிடைத்துள்ளது. அலமாரி பதினான்கு.
உரியவர் வந்து ஒப்பமிட்டு எடுக்கலாம்.
அவள் எனக்குப் பதினொரு இதயம் அனுப்பினாள்,
ஐந்து நட்சத்திரம்,
'லீனா, நீ ஒரு தேவதை.'
நிரூபன் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கினான்.
நல்ல உறைப்பு.
இரண்டு தின்றேன்.

செவ்வாய் எனக்கும் விடுமுறை.
கோயிலடிக் கொட்டகைக்கு
அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன்.
தகரச் சுவர் நெடுக லமினேற் பண்ணின முகங்கள்,
சிலதுக்குள் மழை புகுந்து
மீசை எது கறை எது என்று தெரியாது.
அண்ணா மூன்றாவது வரிசை, காற்றாடிக்குக் கீழே.

ஒரு வான் வந்து நின்றது.
தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி
கையில் மடித்த வரைபடத்தோடு எட்டிப்பார்த்தார்.
இது அருங்காட்சியகமா,
இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்றார்.

என் வாயில் லீனா வந்துவிட்டாள்.
நேரம், கட்டணம், பையை எங்கே வைக்கலாம்,
எல்லாம் நாக்கு நுனியில்.
விழுங்கினேன்.

'என்னவாம்?' என்றா அம்மா.
'திறந்திருக்கோ எண்டு கேக்கிறார்.'

அம்மா சேலைத் தலைப்பால்
ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்து
முன்னுக்கு இழுத்துப் போட்டா.
'செருப்போட வரலாம் எண்டு சொல்லு.'