பந்தியில் ஏழு பேர்

இரவு ஒன்று நாற்பது.
சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்து நாலு.
மேசைக்கடியில் பெடல் செத்துக் கிடக்கிறது.

டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைத்
தட்டச்சு செய்வது என் பிழைப்பு.
மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்,
குதிகாலை ஊன்றினால் மூன்று நொடி பின்னே போகும்.
டாக்டர் ஹால்வர்சன் வருடம் முழுக்க மூக்கடைப்போடு பேசுபவர்.
அவரால்தான் குதிகால் பக்கம்
பெயின்ட் உரிந்திருக்கிறது.

காலை ஆறுக்குள் பதினொரு கோப்புகள்.

கழற்றி மாட்டினேன். வேறு துளையில் மாட்டினேன்.
டிரைவரை நீக்கித் திரும்ப நிறுவினேன்.
திரையின் மூலையில்
'அடையாளம் தெரியாத சாதனம்' என்று வந்தது.
அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு
புலம்பெயர்ந்தவளின் கவிதை ஒன்றை எழுதிவிடலாம்தான்.
இப்போது நேரமில்லை.

கம்பளி சாக்ஸோடு கார்ப்பெட்டில் நடந்தால்
கதவுக் குமிழே சுள்ளென்று கடிக்கிற மாதம் இது.
நான் தொட்டதில்தான் ஹப் போய்விட்டதோ?
அணைத்து, வயர்களையெல்லாம் உருவி,
பவர் பொத்தானை அழுத்தியபடி
முப்பது வரை எண்ணச் சொல்கிறது குறிப்பேடு.
பதினேழில் கீழே ஃபர்னஸ் உறுமி எழுந்தது.
எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்று.

ஹப்பின் நீல விளக்கு எரியவே இல்லை என்பதை
இரண்டு பத்துக்குத்தான் பார்த்தேன்.

அடாப்டர் சுவரோரம் குப்புறக் கிடந்தது.
அதன் இடத்தில் பெருவிரல் தடிமனில்
ஆரஞ்சு நிற வயர் ஒன்று.
பிடித்துக்கொண்டே போனேன்.
ஜன்னல் இடுக்கு, அதில் திணித்த துண்டு,
அதற்கப்பால் பனி,
பனியின் முடிவில்
மரிசெலின் பழைய கொரோலாவின் மூக்கு.

ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் சீட்டு:
வெளி பிளக் வேலை செய்யவில்லை.
எஞ்சின் உறைந்தால் நான் தொலைந்தேன்.
ஐந்தரைக்கு டயாலிசிஸ் வார்டு.
நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.
கீழே ஒரு சிரிப்பு முகம், ஒரு கண் அழிந்து.

சுவரில் இரண்டே பிளக்.
ஒன்றில் லேப்டாப். பேட்டரி உப்பிப்போய் எட்டு மாதம்,
சார்ஜரை உருவினால் அதுவும் கண்மூடும்.
மற்றொன்றில் கார்.
அடுத்த பிளக் சோபாவுக்குப் பின்னால்;
அடாப்டர் வயரோ இரண்டு முழம்.
லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி துளைகள்,
ஒன்று போன வருடம் காபி குடித்தது.

ஆரஞ்சு வயரைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்வானேன்,
ஒரு மணி நேரம் உருவினால் என்ன என்றும் தோன்றியது.
கண்ணாடிக்கு வெளியே பானெட்டின் மீது மட்டும்
பனி லேசாக இளகியிருந்தது.

திரும்பி வந்து மேசைக்கடியில் குந்தினேன்.
ஒற்றைத் துளை ஊட்டுகிற கஞ்சியை நம்பி
ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
பந்தியிலிருந்து ஒவ்வொருவராக எழுப்பினேன்:
பிரிண்டர், வெப்கேம்,
டிக் டிக்கென்று திணறிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்,
போன் வயர்.
கப்பைச் சூடாக வைக்கும் தட்டு,
தங்கை பிறந்தநாளுக்கு அனுப்பியது.
அதுதான் பெருந்தீனிக்காரன் என்று இன்றுதான் தெரிந்தது.

ஹெட்போனும் பெடலும் மிச்சம்.

டு-டுங்.

மிதித்தேன்.
ஹால்வர்சன் தொண்டையைச் செருமினார்.
நோயாளிக்கு வலது கால் பெருவிரலில்
நகம் உள்வாங்கி வளர்ந்து, சீழ் கோத்து...
குதிகாலை ஊன்றினேன்.
மறுபடி செருமினார்.

ஐந்து மணிக்கு, ஏழாவது கோப்பின் நடுவில்,
கார் முதல் திருப்பலிலேயே எழுந்தது.
கண்ணாடி சுரண்டும் சத்தம்.
விளக்கொளி கூரையில் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது.

பிளக் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.
எழுந்து அடாப்டரை மாட்ட வேண்டும்.
காபி ஆறிவிட்டது.
இந்தப் பெருவிரல் முடியட்டும்.