ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர்

சூரியனுக்கு ஷாகிரா வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.
கறுப்பு பிளாஸ்டிக். அகலம் ஒன்றே கால் மீட்டர்,
கணக்குப்படி இன்னும் ஒரு சாண் வேண்டும்.
மிச்சத்தை மனசில் சேர்த்துக்கோ என்றாள்.
கணக்கும் அவளுடையதுதான்:
இங்கே ஒரு மீட்டர் என்றால்
அங்கே பத்து லட்சம் கிலோமீட்டர்.

பிளெஸ்ஸியின் சைக்கிள் டயரில் சிவப்பு ரிப்பன்.
ரிப்பன் ஒரு சுற்று வந்தால் இரண்டு மீட்டர்.
இருபத்தொன்பதாம் சுற்றில் புதன், ஒரு கொத்தமல்லி விதை.
ஐம்பத்து நான்கில் வெள்ளி, கொண்டைக்கடலை.
எழுபத்தைந்தில், கறிக்கடைக்கு எதிரே,
பூமியாக வைத்த நீலக் கோலிக்குண்டு
சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி உருண்டு
சாக்கடைக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு என் யூனிஃபார்ம் சட்டையிலிருந்து
இரண்டாவது பொத்தானைப் பிய்த்தேன்.
தட்டையாக இருக்கே என்றான் சுடலை.
கேட்பவர்களிடம் உருண்டை என்று சொல்வோம்.
அதிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாக
ஒரு ஜவ்வரிசி: நிலா.
மனிதன் இதுவரை போய்வந்த தூரம்
மொத்தமும் அந்த ஒரு முழம்தான்.

சுடலைக்கு வெளிச்சத்தின் வேலை கொடுத்தோம்.
அண்டத்தில் அதைவிட வேகமாக ஓட எதுவும் இல்லை,
எங்கள் கணக்கில் அது நொடிக்கு ஓர் அடி.
தொட்டிக்குக் கீழிருந்து
ஸ்கேலைத் தரையில் வைத்து வைத்து வந்தான்.
தொண்ணூறடி ரோட்டைக் குறுக்கே கடக்க
வெளிச்சத்துக்குத் தொண்ணூறு நொடி.
அந்த டிராஃபிக்கில் நாங்களும் அவ்வளவுதான்.
நாங்கள் செவ்வாய்க்குப் போய், பட்டாணியை வைத்து,
பூமிக்குத் திரும்பிக் காத்திருந்தோம்.
எட்டு நிமிடம் இருபது நொடி கழித்து
முட்டியில் புழுதியோடு வந்து நின்றவன் சொன்னான்:
"நான் கிளம்பும்போது தொட்டி நிரம்பி வழிஞ்சுது."
அதற்குள் ஷாகிராவின் அம்மா மோட்டாரை நிறுத்தியிருப்பார்.
சூரியனிலிருந்து நமக்கு வரும் செய்தி எல்லாம் இப்படித்தான்,
எட்டு நிமிடம் பழசு.

வியாழன் ஒரு பம்பளிமாஸ்.
வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஓர் ஆடு
பெரும்புயல் இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கடித்தது.
சனிக்குத் தேங்காய்,
சுற்றிலும் சுடலையின் அப்பா பட்டறையில் எடுத்த
தோல் துண்டு வளையம்.
சயான் ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன்
இங்கே உடைக்கக் கூடாது என்று மராத்தியில் சொன்னார்.
மாட்டுங்காவில் யுரேனஸ், ஓர் எலுமிச்சை.
அதற்குள் ரிப்பன் கிழிந்துவிட்டது.
விட்ட சுற்றுகளைப் பிளெஸ்ஸி
வாய்க்கு வந்தபடி எண்ணியதை யாரும் கேட்கவில்லை.

நாலரைக் கிலோமீட்டரில் தாதர் பூ மார்க்கெட்.
கடைசி எலுமிச்சையை எங்கே வைப்பது?
சாமந்தி விற்பவர் கையிலிருந்து வாங்கி
ஏழு பச்சை மிளகாயோடு கோத்து
கடை வாசலில் தொங்கவிட்டார்.
நெப்டியூன் காற்றில் ஆடியது.
சூரியக் குடும்பத்துக்கே திருஷ்டி கழிந்தது.

சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே என்றேன்.
ஷாகிரா ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்,
சுழியங்களை இரண்டு முறை எண்ணினாள்.
நாற்பதாயிரம் கிலோமீட்டர்.
தாதர் கடற்கரையில் தண்ணீருக்குள் இறங்கி,
ஆப்பிரிக்கா, அமெரிக்கா, பசிபிக், பர்மா
எல்லாம் கடந்து உலகத்தையே ஒருமுறை சுற்றி
பின்பக்கமாக மும்பைக்குள் வந்தால்
அப்போது அது இருக்கும்.
நடுவில் ஒரு கொத்தமல்லி விதைகூடக் கிடையாது
என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது.

திரும்பும்போது லோக்கலில் நின்றுகொண்டே வந்தோம்.
சைக்கிளைப் பிளெஸ்ஸி தனியாக மிதித்து வந்தாள்.
அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா என்றது ஒலிபெருக்கி
மூன்று பாஷையில்,
அவ்வளவு பக்கத்தில் இருப்பதற்குப் போய்.

வீட்டில் அம்மா கேட்டாள், சட்டைப் பொத்தான் எங்கே?
கறிக்கடைக்கு எதிரே, அதில்தான் நாம எல்லாரும் இருக்கோம்.
ரெண்டு ரூபாய் போச்சு என்றாள்,
ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு.