நண்டு வகுப்பு

ஒன்பது வயதில் யாரும் நண்டாக இருப்பதில்லை
புர்க்டோர்ஃப் நீச்சல் மண்டபத்தில்.
நாலு வயதில் நண்டு, ஐந்தில் கடற்குதிரை,
பிறகு தவளை, பெங்குயின், கணவாய், முதலை.
எல்லாம் முடித்தால் பனிக்கரடி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிச் சின்னம்,
நீச்சலுடையில் தைத்துக்கொள்ள.

என் மகன் அகரன் நண்டு.
அவனுக்கு இடுப்பளவு வரும் தண்ணீர்
மற்ற நண்டுகளுக்கு நாடிவரை.
ஆறு வயதுத் தங்கை ஆரபி
அடுத்த தடத்தில் தவளை.
வரும்போது காரில் கேட்டாள்,
"அம்மா, நண்டு நீந்துமோ, நடக்குமோ?"
கண்ணாடி வழியே அவளை முறைத்தேன்.
அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்,
"பக்கவாட்டில போகும்."

இந்த ஊர் ஆற்றின் பெயர் எம்மெ.
எனக்கு அது 'எம்மை' என்றே கேட்கும்.
எங்களை.
எங்களை என்ன?
வினைச்சொல் வருமுன்னே
பாலத்தைத் தாண்டிவிடும் ஒரு வாக்கியம்.
ஜூன் மாதம் வகுப்பை அங்கே கூட்டிப்போகிறார்களாம்.
பள்ளிக்கூடத்துப் படிவத்தில் ஒரு கேள்வி:
பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?
பெற்றோருக்கு? என்று கேட்காமல் விட்டார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

மேல்மாடக் கண்ணாடிக்குப் பின்னால்
குளோரின் மணக்கும் கதிரைகள்.
எனக்குப் பக்கத்தில்
மஞ்சள் நூலில் காலுறை பின்னும் ஒரு அப்பா.
அவருடைய மகள் மிலேனா பெங்குயின்;
இடது கை முழங்கையோடு முடிந்துவிடும்.
நேராகப் போகமாட்டாள்.
தடத்துக் கயிற்றில் போய் இடித்து,
ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி,
திருப்பிக்கொண்டு போவாள்.
அப்பா தலை நிமிர்த்துவதில்லை,
கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.
நான்தான் ஒவ்வொரு தடவையும் அரைவாசி எழும்பி
மறுபடி இருப்பேன்.

கீழே ரெகுலா முழங்காலில் நின்று
சூப்பை ஆற்றுங்கோ, என்கிறாள்.
நண்டுகள் தண்ணீரை ஊதுகின்றன,
மூக்கும் முழியும் உள்ளே போக,
குமிழி குமிழியாக.
அகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஒரு முழ உயரத்திலிருந்து ஊதுகிறான்.
ஆறு வாரமாக ஆறுகிறது அவனுடைய சூப்.
வாய் பட்டதில்லை.

இன்று சிவப்பு வளையம்.
போட்டாள்; அடியில் போய்க் கிடந்தது.
குனிந்து எடுத்தவனுக்குச் சின்னம்.
லீனுஸ் என்ற நாலு வயதுக்காரன்
அகரனின் பெருவிரலைப் பிடித்தபடி
மூழ்கினான்.
வரவில்லை.
விரலை விடவுமில்லை.
அவன் அங்கே என்னதான் செய்கிறான் என்று பார்க்க
அகரன் குனிந்தான்.
நெற்றி, மூக்கு, காது.
முதுகு மட்டும் வெளியே,
ஒரு சிறு ஓடுபோல.

ஒன்று.
இரண்டு.
ஐந்துவரை எண்ணியது தெரியும்.
பின்னல் ஊசி என் முழங்கையில் பட்டது.
"மூச்சு விடுங்கள்," என்றார் அவர், ஜெர்மனில்,
"உங்களைத்தான்."

இருவரும் இருமிக்கொண்டு எழுந்தார்கள்.
வளையம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.
சின்னம் இல்லை, அடுத்த கிழமை பார்க்கலாம்
என்பதுபோல ரெகுலா கையை ஆட்டினாள்.

தலை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே
ஒரு முழங்காலில் நின்று
அவன் காதைத் துடைத்தேன்.
"அம்மா, தண்ணிக்குள்ள
உங்கட சத்தம் கேட்கேல்லை."
"நான் சத்தமே போடேல்லையே, அப்பன்.
கண்ணாடிக்குப் பின்னால எல்லோ இருந்தனான்."
"தெரியும்," என்றான்.
"எண்டாலும் மேல கேட்குது."

இயந்திரம் நின்றது.
இருபது சதம் போட்டால் மறுபடி ஓடும்.
என்னிடம் சில்லறை இல்லை.

பாலத்தில் வந்தபோது
ஆரபி பின்னால் நித்திரை.
கீழே ஆறு அதே பாதி வாக்கியத்தை
மண்ணிறத்தில் சொல்லிக்கொண்டு போனது.
கவனமாயிரு என்று சொல்ல வாய் திறந்தேன்.
சொல்லவில்லை.
வெட்டிய ஆப்பிள் பெட்டியைப்
பின்பக்கம் நீட்டினேன்.
ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது,
விரல் நுனியெல்லாம் சுருங்கி.