ஊசி எண் ஏழு

எல் ஆல்ட்டோவில் இரவு பத்து மணி.
அம்மா கரிக்கு விசிறுகிறாள்.
என் மடியில் எண்ணெய்க் கறை படிந்த நகல்தாள்கள்,
முழங்கைக்குப் பக்கத்தில்
ஒரு வாளி மாட்டு இதயம்.

நாளை காலை எட்டுக்குச் செய்முறைத் தேர்வு.
அதற்குள் இன்னும் ஆறு இதயம் அறுத்தாக வேண்டும்,
மெல்லிசாக, குறுக்குவாட்டில்.
நெடுக்கே அறுத்தால்
தின்கிறவன் பல் உன்னைத் திட்டும் என்பாள் அம்மா.
வரியும் உண்டு, சொன்ன பேச்சும் கேட்காது,
அதுதான் இதயத்தசை.
அப்பாவும் அப்படித்தான்.

ருபென் டிகோனா குரல்செய்தியில் கேட்கிறான்:
உடம்பிலேயே நீளமான தசை?
தையற்காரத் தசை.
சம்மணம் போடும்போது வேலை செய்வது.
எதிர்க்கடையில் ஜிப் மாற்றும் தோன் எவாரிஸ்தோ
ஸ்டூலில்தான் உட்காருவார்,
காலை மடக்கி நான் பார்த்ததே இல்லை.
இருந்தாலும் அவர் பெயரை வைத்தே
மனப்பாடம் செய்கிறேன்.

இடது கீழறையின் சுவர்
வலதைவிட மூன்று பங்கு தடிப்பு.
இது அம்மாவுக்கும் தெரியும்.
அந்தப் பக்கத்துத் துண்டுகள்
வினிகரிலும் சீரகத்திலும் இன்னொரு மணி நேரம் ஊறும்.
ஏன் என்றேன்.
"நிறைய உழைச்சிருக்கு" என்றாள்.
புத்தகத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம்.

கத்தி முனையால் அவள் வெட்டி எறியும்
வெள்ளை நரம்பு...
நரம்பில்லை அம்மா, நாண்.
வால்வு பின்பக்கம் மடங்கிவிடாமல்
இழுத்துப் பிடிப்பது.
"எதுவோ. நாய்க்குப் போடு."

ரத்தம், பக்கம் நாற்பத்தொன்று.
கடலோரம் எங்கோ அச்சான புத்தகம்.
பெண்களுக்கு ஹீமோகுளோபின்
பன்னிரண்டு முதல் பதினாறு.
போன வாரம் ஆய்வகத்தில் என் விரலைக் குத்தினார்கள்:
பதினேழு புள்ளி நான்கு.
இங்கே, நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
மூச்சில் குறைவதை
ரத்தம் சிவப்பணுவைக் கூட்டிச் சரிக்கட்டும்,
இறைச்சி விலை ஏறிய நாளில்
குச்சி நுனியில் அம்மா பெரிய உருளைக்கிழங்காகப் பார்த்துக் குத்துவதுபோல.
அந்தப் புத்தகத்தின்படி
வரிசையில் நிற்கும் இந்தத் தெருவே நோயாளிக் கூட்டம்.
நோயாளிகள்
வேர்க்கடலைக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு
இன்னொரு குச்சி கேட்கிறார்கள்.

அய்மராவில், வாளியில் கிடப்பது லுக்கு.
வருந்துவதும் நினைவு வைத்திருப்பதும் சுய்மா.
சுய்மா எங்கே இருக்கிறது?
விசிறியால் தன் மார்பைத் தட்டிக் காட்டினாள்,
நுரையீரலையும் சேர்த்து, தாராளமாக.
என் படத்தில் அம்புக்குறிகள்
அவ்வளவு தாராளமாக இல்லை.

விடியலில் கேபிள் காரில்
சிவப்புத் தடத்தில் இறங்குகிறேன்.
பெட்டிகள் நிறைந்து கீழே போகின்றன,
முக்கால்வாசி காலியாக மேலே வருகின்றன.
பெருஞ்சிரை, வலது மேலறை, மூவிதழ் வால்வு
என்று முணுமுணுக்கும்போது
காற்றுக்காக நிறுத்திவிட்டார்கள்.
கீழே நகரம் முழுக்கச் செங்கல்.
நான் மூவிதழிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

தேர்வறை. பற்சிப்பித் தட்டுகள். ஃபார்மலின்.
இந்தச் சாம்பல் நிறத்தில் இருந்தால்
அம்மா விலைகூடக் கேட்க மாட்டாள்.
ஒரு ஊசிக்கு ஒரு நிமிடம், பிறகு மணி.
ஏழாவது ஊசி
ஒரு வெள்ளை இழையில் குத்தி நிற்கிறது.
என் கை முதலில் கத்தியைத் தேடியது,
அப்புறம்தான் பேனாவை.

கடைசிக் கேள்வி:
பெண்ணின் இயல்பான ஹீமோகுளோபின் அளவு?
பன்னிரண்டு முதல் பதினாறு என்று எழுதினேன்.
ஓரத்தில், சின்ன எழுத்தில்,
"எந்த உயரத்தில்?" என்றும்.
அடிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
தாளை வாங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டாள்:
"என்ன கேட்டாங்க?"
நீ நாய்க்குப் போடுறதை.
கரிப்புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"கிலோ என்ன விலைக்கு எடுப்பாங்களாம்?"